கினுவும் கண்டினியூவும்

கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் அதை 'சிடிசி' என்பார்கள். முழுப்பெயர் 'கண்டினியூவஸ் டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட்'. பெயரே ஒரு விடுகதை மாதிரி இருக்கிறது. டிஸ்சார்ஜ் என்றால் வேலையிலிருந்து விடுவிப்பது. கண்டினியூவஸ் என்றால் இடைவிடாதது. ஒருவனை இடைவிடாமல் விடுவித்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு சான்றிதழா?

கப்பல்காரர் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு பயணத்துக்கும் கையெழுத்துப் போட்டு ஏறுகிறார், கையெழுத்துப் போட்டு இறங்குகிறார். இறங்கிய நிமிடத்திலிருந்து அடுத்த கப்பல் கிடைக்கும் வரை அவர் யாருக்கும் ஊழியர் இல்லை. பழைய பிரிட்டிஷ் கப்பல்களில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தனித்தனித் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகளைப் பிற்பாடு ஒரே புத்தகத்தின் பக்கங்களாகக் கட்டியபோது 'கண்டினியூவஸ்' என்ற அடைமொழி வந்து சேர்ந்தது. தொடர்ந்தது வேலை இல்லை, தாள்கள்.

செய்கிற காரியத்தைத் தொடர்வதற்கும், நின்றதை மறுபடி எடுப்பதற்கும் இங்கிலீஷ்காரர்கள் வைத்திருக்கும் வினைச்சொற்கள் வடசென்னைக்கு இப்படித்தான் வந்தன: துறைமுகம், மில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் வழியாக, பெரும்பாலும் ஒரு முத்திரையோடு. வந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை கிடைக்கவில்லை. ஒன்று வீட்டுக்குள் வரை வந்து பாய் போட்டு உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று ஆபீஸ் ஃபைலைத் தாண்டவே இல்லை. அந்தப் பயணத்தைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

'கண்டினியூ' பிறந்தது லத்தீனில். 'தெனேரே' என்றால் பிடி. 'கோன்' சேர்ந்தால் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடி. அறுபடாமல் பிடித்திருப்பதுதான் தொடர்வது. அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்களோடு போன பிரெஞ்சுச் சொற்களின் வழியில், 14-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் நுழைந்தது. 'ரெஸ்யூம்' அடுத்த நூற்றாண்டுக்காரர். 'சூமெரே' என்றால் எடு. 'ரெ' சேர்ந்தால் மறுபடி எடு. இரண்டுமே நீதிமன்றத்துக்கும் மடாலயத்துக்கும் பழகிய, சட்டை கசங்காத சொற்கள். தெருவில் இங்கிலீஷ்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தது 'கீப்', 'கோ ஆன்' என்பவை. 'கேரி ஆன்' மாலுமிகளோடு ரொம்ப நாள் இருந்த சொல். காற்று ஏறினாலும் பாயை இறக்காமல் ஓட்டு என்பது கப்பலில் அதற்கு இருந்த பொருள். இன்றைக்கு நம் ஊர் காவல் நிலையத்தில் சல்யூட் அடித்து நிற்கும் ஏட்டையாவிடம் அதிகாரி 'கேரி ஆன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாரே, அந்தச் சொல்லுக்குள் பாய்மரம் இருக்கிறது.

1639-இல் பிரான்சிஸ் டேவும் ஆண்ட்ரூ கோகனும் இந்தக் கரையில் இடம் பிடித்தது துணிக்காக. நெய்த துணியை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. வெளுக்க வேண்டும், கஞ்சி போட வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும். கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த பேட்டைதான் வண்ணாரப்பேட்டை. ஆக, இங்கிலீஷைக் காதால் கேட்டு வயிறு வளர்த்த முதல் தமிழ் ஊர்களில் இதுவும் ஒன்று. எண்ணிக்கை, முழம், கறை, தாமதம், பிடித்தம்: அவர்களுக்கு வேண்டியிருந்தது இந்தப் பெயர்ச்சொற்கள்தான். வினைச்சொல்லுக்கு அவசியமே வரவில்லை. வேலை எப்படித் தொடர்கிறது என்பதைச் சொல்ல அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும்.

"இன்னா பண்ணிகினு கீற?"

வடசென்னைக்காரரை மற்ற தமிழர்கள் அடையாளம் கண்டுபிடிப்பது இந்த வாக்கியத்தில்தான். சினிமாவில் சென்னைப் பாஷை பேசச் சொன்னால் எந்த நடிகரும் முதலில் பிடிப்பது 'கினு'வையும் 'கீது'வையும்தான். லூஸ் மோகன் இதிலேயே வாழ்ந்தார். ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு'வில் இந்தப் பேச்சை எழுத்தில் உட்கார வைத்தார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கும்படி அதில் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். 'கினு' நல்ல குலத்தில் பிறந்த சொல்.

கொள் என்பது வேர். கொண்டு, கொண்டிரு. 'செய்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுகிறோம். அந்தக் 'கொண்டு' ஊருக்கு ஊர் தேய்ந்த விதம் வேறு. பெரும்பாலான ஊர்களில் 'கிட்டு'. அக்கிரகாரத்தில் 'ண்டு'. கோயம்புத்தூர்ப் பக்கம் 'செஞ்சிட்டு'. யாழ்ப்பாணத்தார் மட்டும் இன்றைக்கும் பேச்சிலேயே 'கொண்டு' என்று முழுசாகச் சொல்கிறார்கள். வடசென்னையில் அது 'கினு'. மலையாளத்தில் 'கொண்டிரிக்குன்னு', கன்னடத்தில் 'கொண்டு', தெலுங்கில் 'சேசுகுனி' என்று வரும் 'குனி': எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்த வண்ணாரப்பேட்டையில் 'குனி'யும் 'கினு'வும் ஒரே குழாயடியில் கேட்கும்.

கொள் என்றால் பிடி, எடுத்து வைத்துக்கொள். தொடர்வதைச் சொல்ல ரோமாபுரிக்காரர் 'பிடி' என்பதைத்தான் எடுத்தார், இங்கிலீஷ்காரர் 'கீப்' என்று அதையேதான் சொன்னார், நாமும் அதையேதான் சொல்கிறோம். மூவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. மனிதக் கைக்குத் தெரிந்த விஷயம் போலிருக்கிறது. ஆனால் தமிழ்க் கொள்ளுக்கு இன்னொரு குணமும் உண்டு. 'வச்சிக்கோ', 'பாத்துக்கோ', 'சமைச்சிக்கினேன்' என்பதில் எல்லாம் அது 'தனக்காக' என்ற பொருளைத் தருகிறது. பேச்சுத் தமிழுக்கு 1999-இல் விரிவான இலக்கணம் எழுதிய ஹெரால்ட் ஷிஃப்மன் என்ற அமெரிக்கர், இந்தத் 'தன்னைச் சேரும்' குணத்தைத் தனியாக எடுத்து அலசியிருக்கிறார். தொடர்ச்சியும் தனக்கென்பதும் ஒரே துண்டுக்குள் குடியிருக்கின்றன.

கொள்ளுக்கு எதிர்ப்பக்கம் விடு. 'வந்துட்டான்', 'பூட்டான்' என்பதில் முடிந்துபோனதைச் சொல்வது விடுதான். பிடித்திருந்தால் நடக்கிறது, விட்டால் முடிந்தது. அப்படியானால் நின்றதை மறுபடி எடுப்பதற்குத் தமிழில் என்ன சொல்? தனியாக ஒரு வினை கிடையாது. 'விட்ட எடத்துலேர்ந்து' என்போம். ரெஸ்யூம் என்ற ஒற்றைச் சொல்லின் வேலையை நாம் ஓர் இடத்தைக் காட்டி முடித்துவிடுகிறோம். எழுத்துத் தமிழில் 'வா' என்பதும் இந்த வேலைக்கு வரும்: 'போலீசார் விசாரித்து வருகின்றனர்.' இங்கிலீஷில் தொடர்கிறவர் போகிறார், நம்மிடம் வருகிறார். காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு வெட்டுக்குத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் செய்தியின் கடைசி வரி இதுதான், விசாரணை எங்கே வந்து சேர்ந்தது என்பது பெரும்பாலும் அச்சாவதில்லை.

இப்படி வீட்டில் எல்லாம் இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு வினை எதற்கு?

அகராதிக்காரர்களுக்குத்தான் அது முதலில் தேவைப்பட்டது. வண்ணாரப்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் வேப்பேரி. 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து அள்ளிவந்த அச்சு யந்திரம் ஜெர்மானியப் பாதிரியார் ஃபப்ரீசியஸிடம் வந்தது. அவர் 1779-இல் தமிழ்-இங்கிலீஷ் அகராதியும் 1786-இல் இங்கிலீஷ்-தமிழ் அகராதியும் அச்சிட்டார். அந்த நாள் தொட்டு 'கண்டினியூ'வும் 'ரெஸ்யூமு'ம் தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில், ஒரே பக்கத்தில் உட்காரப் பழகின. உட்கார்ந்ததே தவிர கலக்கவில்லை. கலப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது, அதற்கு மில் சங்கு ஊத வேண்டியிருந்தது.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள். 1918 ஏப்ரல் 27-இல் அந்தத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி.வாடியா தலைவர், பக்கத்தில் திரு.வி.க. ஊருக்குள் 'ஸ்டிரைக்', 'லாக்அவுட்' என்ற இரண்டு சொற்களும் இறங்கிய காலம் அது. 1921-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் சாதிச் சண்டையாகவும் துப்பாக்கிச் சூடாகவும் சிதறியது. வாடியா மேல் கம்பெனி போட்ட வழக்குதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணம். இந்தக் கதையை ஒரு பத்தியில் முடிப்பது அநியாயம்தான். நமக்கு வேண்டியது இதில் ஒரு நூல் மட்டும். கதவை அடைப்பவரும் திறப்பவரும் வேறு ஆள் ஆகிவிட்டால், 'வேலை செஞ்சிகினு கீறேன்' என்று சொல்ல முடியாது. பிடித்திருப்பது உன் கையில் இல்லை. 'வேலை கண்டினியூ ஆகுமா?' என்றுதான் கேட்க வேண்டும்.

தமிழில் இங்கிலீஷ் வினை எதுவும் தானாக நடமாடாது. கேட்டில் பாஸ் வாங்காமல் தொழிற்சாலைக்குள் யாரும் போக முடியாதது மாதிரி, 'பண்ணு' அல்லது 'ஆகு' என்ற சீட்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். 'கண்டினியூ பண்ணு', 'கண்டினியூ ஆகுது.' இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். கூட்டம் கண்டினியூ, நானும் கண்டினியூ, யார் காரணம் என்று சொல் சொல்லாது. தமிழ் அதை விடாது. ஆள் செய்ததா, தானாக நடந்ததா என்று வாசலிலேயே கேட்கும். (வாரப் பத்திரிகைகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனம் செய்தன. தொடர்கதைக்கு அடியில் 'தொடரும்' என்று போட்டார்கள். கதை தானே தொடரும்; அடுத்த வாரத்துக்கு எழுத்தாளர் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தாரா என்பது வாசகருக்குத் தெரிய வேண்டாம்.)

இந்தப் 'பண்ணு'வும் 'ஆகு'வும் மிகக் கொடூரமாக வேலை செய்யும் இடம் பள்ளிக்கூடம். வடசென்னையில் கண்டினியூ குடும்பத்தில் அதிகம் புழங்கும் ஆள் கண்டினியூ அல்ல, 'டிஸ்கண்டினியூ'. "எட்டாவதுல டிஸ்கண்டினியூ பண்ட்டான்." அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றும்போது இடுப்பொடிந்து வீட்டோடு இருந்திருக்கலாம், அம்மாவுக்குக் கிடைத்த வேலை விடியற்காலை நான்கு மணிக்கு இருந்திருக்கலாம், தங்கச்சியை யார் பார்ப்பது என்ற கேள்வி இருந்திருக்கலாம். பழைய தமிழில் இதற்கு 'படிப்பு நின்னுபோச்சு' என்றார்கள். நின்றது, யாரும் நிறுத்தவில்லை, வறுமைக்குக் கை கால் கிடையாது, ஆனால் குற்றம் பையன் தலையில் விழவில்லை. 'டிஸ்கண்டினியூ பண்ட்டான்' என்றால் அவனே செய்தான். 'ஆயிடுச்சு' என்று யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். 'பண்ட்டான்' என்பதன் வாலில் பழைய 'விடு'வும் ஒட்டியிருக்கிறது. பிடித்ததை அவன் விட்டுவிட்டான். பள்ளிக்கூடப் பதிவேட்டின் ஒரு கட்டம், தெருவில் ஒரு பையனின் குணச் சான்றிதழாக மாறிப்போனது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் 'பண்ணு'வுக்கும் வேறு ஆள் வந்துவிடுவார். "டிஸ்கண்டினியூ பண்ண வச்சிட்டாங்க." இங்கே மட்டும் தமிழ் நீதி தவறவில்லை.

மறுபடி சேர்வதற்கு 'ரெஸ்யூம்' என்ற சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் யாரும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் 'ரீஓபன்' ஆகிறது. ஜூன் மாதம் வந்தால் எம்.சி.ரோட்டில் துணிக் கடை முதல் நோட்டுப் புத்தகக் கடை வரை இந்தச் சொல்தான். படிப்பை விட்டவர் 'ரீஜாயின்' பண்ணுகிறார். லீவு முடிந்தவர் 'டூட்டி ஜாயின்' பண்ணுகிறார். அவர் ஆபீஸில் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் மட்டும் 'ரெஸ்யூம்ட் டூட்டி' என்று இருக்கும். எழுதியவரே படித்துக் காட்டும்போது 'ஜாயின் பண்ணிட்டேன்' என்பார். மெட்ரோ ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரி 10 முதல் இரண்டு வருஷம் வண்ணாரப்பேட்டைதான் அந்தப் பாதையின் வடக்கு முனையாக இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நின்ற ரயில், செப்டம்பர் 7-இல் மறுபடி ஓடியது. இங்கிலீஷ் பேப்பர்கள் எல்லாம் அன்று ரெஸ்யூம் என்று எழுதியிருக்கும். தெருவில் 'மெட்ரோ உட்டாங்க' என்றார்கள். விடு என்பதற்கு இப்படி ஒரு எதிர்ப் பொருளும் இருப்பது வேடிக்கை: கைவிட்டாலும் விடுதான், கிளப்பி அனுப்பினாலும் விடுதான். 2021 பிப்ரவரி 14-இல் அதே பாதை விம்கோ நகர் வரை நீண்டது.

ரெஸ்யூமுக்கு மக்கள் வாயில் இடம் கிடைக்காததற்கு அதன் பழைய சகவாசம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். வெள்ளைக்காரன் காலத்து வருவாய்த் துறையில் 'ரெஸ்யூம்' என்றால் தொடர்வது அல்ல. கொடுத்த நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்வது. 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் உட்கார்ந்து, யார் நிலத்தை யார் வைத்திருக்கலாம் என்று ஊர் ஊராகத் தோண்டியபோது இந்தச் சொல் பலர் தூக்கத்தைக் கெடுத்தது. குத்தகை நிலத்தை அரசு மீட்கும்போது இன்றைக்கும் ஃபைலில் வரும் சொல் அதுதான். லத்தீனில் இருந்த 'மறுபடி எடு' என்ற நேர்ப் பொருளை மறக்காமல் வைத்திருந்தது இந்திய வருவாய்த் துறை.

கண்டினியூவுக்கு வருவோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி, அசோக் லேலண்ட் என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பிய பிறகு, இந்தச் சொல்லுக்கு ஓர் எண் முளைத்தது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம், பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தால் அது 'தொடர்ச்சியான பணி' என்று வகுத்தது. தமிழ்நாடு 1981-இல் தனியாக ஒரு சட்டம் போட்டது: 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணி செய்தால் நிரந்தரத் தொழிலாளி. "நானூத்தி எண்பது முடிச்சிட்டியா?" என்பது ஒரு காலத்தில் திருவொற்றியூர் டீக்கடைகளில் நலம் விசாரிப்பு.

அந்தச் சட்டத்தின் தொடர்ச்சியில் ஓர் அழகு உண்டு. காய்ச்சலில் படுத்த நாள், முறைப்படி எடுத்த லீவு, விபத்து, சட்டத்துக்கு உட்பட்ட வேலைநிறுத்தம், தொழிலாளி தப்பில்லாமல் வேலை நின்ற நாள்: இவையெல்லாம் இடையில் வந்தாலும் பணி அறுந்ததாகக் கணக்கில்லை. அறுந்தது போலத் தெரிந்தாலும் அறுபடாதது எது என்பதைச் சட்டம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. ஆனால் அதே எண்ணை முதலாளிகளும் படித்தார்கள். நாள் கணக்கு நெருங்கும்போது 'பிரேக்' கொடுப்பது என்று ஒரு வழக்கம் வந்தது. சில நாள் வீட்டில் இரு, பிறகு புதுப் பெயர்ப் பட்டியலில் வா, அல்லது இன்னொரு கான்ட்ராக்டர் பெயரில் வா. அதே கேட், அதே மெஷின், அதே மேஸ்திரி. "நடுவுல பிரேக் குட்துட்டாங்க" என்று சொல்கிறவர் குரலில் கோபம் குறைவாக இருக்கும். தேதி கிழிந்த காலண்டரைப் பற்றிச் சொல்வது போல இருக்கும். பத்து வருஷமாக 'வேலைக்குப் போய்கினு' இருந்தவர் ஒரு நாளும் 'கண்டினியூ' ஆகவில்லை. இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கிற தூரம் பென்ஷனும் கிராஜுவிட்டியும்.

ஆஸ்பத்திரிக்குள் கண்டினியூவுக்கு நல்ல முகம். ஸ்டேன்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. அங்கும் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் வார்டு ரவுண்டு முடிந்ததும் கேஸ் ஷீட்டில் டாக்டர்கள் மூன்றெழுத்து எழுதுவார்கள்: 'சி.எஸ்.டி.' கண்டினியூ சேம் ட்ரீட்மென்ட், கொடுத்த மருந்தையே கொடு. படுக்கையில் இருப்பவருக்கு அந்த மூன்றெழுத்து ஒன்றும் புதிதாகக் கெட்டுவிடவில்லை என்ற சேதி. வெளியே வந்தால் ஓ.பி.யில் "அதே மாத்திரய கண்டினியூ பண்ணும்மா." சுகரும் பிரஷரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட பிறகு, 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி மாத்திரை வாசலுக்கே வருகிற காலத்தில், எழுபது வயதுப் பாட்டிகள் நாக்கு சுளுக்காமல் சொல்லும் இங்கிலீஷ் வினை இதுதான். "கண்டினியூ பண்றேன் கண்ணு. ஒரு நாள் கூட உட்டதில்ல." அவர்கள் வாயில் மட்டும் இந்தச் சொல் மேலேயிருந்து வந்த உத்தரவு போல ஒலிப்பதில்லை. பக்கத்திலேயே 'உட்டதில்ல' என்று ஒரு சொந்தச் சொல்லை நிறுத்திவைத்துத்தான் பேசுகிறார்கள்.

மேடையிலிருந்து வந்த உத்தரவை ஊர் ஆசையாக ஏற்றுக்கொண்ட இடமும் ஒன்று உண்டு: குத்துச்சண்டை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து வடசென்னை ஆடிய ஆட்டத்தை 2021-இல் ரஞ்சித்தின் படம் வந்த பிறகு தமிழ்நாடே தெரிந்துகொண்டது. அமெச்சூர் பாக்ஸிங்கில் நடுவருக்கு மூன்று கட்டளைச் சொற்கள்தான். 'ஸ்டாப்' என்றால் நிறுத்து. 'பிரேக்' என்றால் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் விலகி ஓரடி பின்னால் போ. மறுபடி தொடங்க 'கண்டினியூ' என்றோ 'ரெஸ்யூம்' என்றோ அவர் சொல்வதில்லை. 'பாக்ஸ்.' அவ்வளவுதான். செய்ய வேண்டிய காரியத்தின் பெயரே தொடர்வதற்கான கட்டளை. 'விட்ட எடத்துலேர்ந்து' என்று சொல்லக்கூட அவகாசம் இல்லாத விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இங்கே 'பிரேக்'குக்கு ஓரடிதான் விலை என்பது தொழிற்சாலைக்காரர்களுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கலாம்.

இப்போதைய பிள்ளைகள் கண்டினியூவை வினையாகக்கூட வைத்திருக்கவில்லை. 'ஆ' ஒன்றை ஒட்டி 'கண்டினியூவா' என்று ஆக்கி, வினையைப் பழைய ஆளிடமே கொடுத்துவிட்டார்கள். "கண்டினியூவா மழ பேஞ்சிகினே கீது." பெய்வதும் தமிழ், தொடர்வதும் தமிழ், இங்கிலீஷுக்குக் கிடைத்தது எத்தனை நேரமாக என்று சலித்துக்கொள்ளும் வேலை. முந்நூற்றுச் சொச்சம் வருஷம் கப்பலேறி வந்த சொல்லுக்கு இது குறைந்த சம்பளம்தான். மறுபக்கம், எழுத்துத் தமிழைத்தான் இங்கிலீஷ் கெடுத்தது. 'தெரிந்துகொண்டிருக்கிறேன்', 'இருந்துகொண்டிருக்கிறது' என்று மொழிபெயர்ப்பு நடையில் ஊறிய அறிவிப்புகளில் 'கொண்டு' இல்லாத வரி அபூர்வம். வண்ணாரப்பேட்டைக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். 'தெரியும்' என்பார். 'கினு' நடக்கிற காரியத்துக்கு மட்டும்தான்.

ரெஸ்யூமும் கடைசியில் ஒரு வீட்டைப் பிடித்தது, வேறு வேஷத்தில். பிரெஞ்சில் 'சுருக்கி எடுத்தது' என்ற பொருளில் போன அதே லத்தீன் சொல், வேலைக்கு விண்ணப்பிக்கும் தாளாகத் திரும்பி வந்து, 'பயோடேட்டா'வை ஓரம் தள்ளிவிட்டது. தியாகராயா கல்லூரி முடித்த பிள்ளையும் ஐடிஐ முடித்த பிள்ளையும் ஜெராக்ஸ் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதை அடிக்கச் சொல்கிறார்கள். வருஷம் வருஷமாகக் கட்டம் போட்ட ஒரு மாதிரித் தாள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்ற வேண்டும்.

"பத்தொம்பதுல பன்னெண்டாவது. அப்பறம் இருவத்திரெண்டுலதான் ஐடிஐ சேந்துருக்க. நடுவுல இன்னா போட்றது தம்பி?"

"சும்மால்லாம் இல்லண்ணா. வேலைக்குப் போய்கினுதான் இருந்தேன். சென்ட்ரிங் போய்கினு, நைட்ல காசிமேட்ல ஐஸ் எறக்கிகினு…"

"கம்பெனி பேரு சொல்லு."